கோட்டுக்கு வெளியே ஐந்து விநாடி

கூடைப்பந்தாட்டத்தைக் காண வருவோரின் கண்கள் கூடையையே நாடுவது இயல்பு. ஆயினும், 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தைச் சுற்றி 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஓடும் எல்லைக்கோட்டை அறியாதவருக்கு நடுவரின் ஊதல் பாதி நேரம் புதிராகவே இருக்கும். கைப்பந்தில் கோட்டின்மேல் விழும் பந்து உள்ளே விழுந்ததாகக் கொள்ளப்படுகிறது. இங்கோ கோடு களத்தின் பகுதியே அன்று. பந்தைத் தட்டி வருபவனின் காலணி விளிம்பு அதை இலேசாகத் தீண்டினாலும் பந்து வெளியேறியதாகவே அர்த்தம்.

ஆனால் ஆகாயத்துக்கு எல்லை இல்லை. கோட்டைத் தாண்டிப் பறக்கும் பந்தைக் காக்க, உள்ளிருந்து எம்பிப் பாய்ந்து, அந்தரத்திலேயே அதைப் பற்றித் திரும்ப வீசிவிட்டு, பிறகு வெளியே போய் விழுகிறானே ஒருவன், அவன் செய்தது முற்றிலும் நியாயமே. ஏனெனில் கடைசியாக அவன் பாதம் பதிந்த இடம் எதுவோ அதுவே, மறுபடி தரையைத் தொடும்வரை, அவனுடைய ஸ்தானம். இந்த விதியின் அழகை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியக்கிறேன்.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை உருவாக்கியபோது, வெளியே போன பந்தை முதலில் தொடுபவனுக்கே அதை உள்ளே எறியும் உரிமை என்று விதித்தார். விளைவு, பந்து மாடத்துக்குப் போனால் ஆட்டக்காரர்களும் படியேறி ஓடினார்கள். களத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்த இடங்களும் உண்டு. 1913இல்தான், கடைசியாகத் தொட்டவனின் எதிரணிக்கே பந்து என்ற ஏற்பாடு வந்து, அந்த ஓட்டம் ஓய்ந்தது.

எறிபவனுக்கு நெய்ஸ்மித் அன்று அளித்த 5 விநாடி அவகாசம் மட்டும் இன்றளவும் மாறவில்லை. நடுவர் பந்தைக் கையில் தந்து, கையசைத்து எண்ணத் தொடங்குகிறார். எறிபவன் பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரலாகாது, பின்னே எவ்வளவும் போகலாம். எதிரணி கூடையில் போட்டபின் இறுதிக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவனுக்கு மாத்திரம் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எதிரே நின்று தடுப்பவனும், பந்து கோட்டைக் கடக்குமுன், கையை அதற்கு அப்பால் நீட்டக் கூடாது. வெளியே போன பந்துக்காக நின்றிருந்த கடிகாரம், எறிந்த பந்து களத்தினுள் ஒருவர் கையில் படும் க்ஷணத்தில்தான் மறுபடி ஓடத் தொடங்குகிறது.