குப்பை எரியுலைக்கு இடம்

நகரம் விரியுந்தோறும் குப்பையும் பெருகும். அதனை எரிக்க உலை வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. தம் தெருவருகே அஃது அமைவதையே மறுப்பர்.

ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில், குப்பையின் பெரும்பகுதி கடலோரமான கோத்தோப் பகுதியில் கொட்டப்பட்டு வந்தது. 1965-இல் ஈக்கூட்டம் பெருகி அங்குள்ளாரை வாட்டியது. நகரின் மேற்கே உள்ள சுகினாமிப் பகுதியினரோ, தம்மிடத்தில் எரியுலை அமைய இசைந்திலர். 1971-இல் ஆளுநர் மினோபே இச்சிக்கலைக் 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். 1973-இல் கோத்தோப் பகுதியார் சுகினாமியின் குப்பை வண்டிகளை வழிமறித்துத் திருப்பினர். காற்றின் திசையும் புகைபோக்கியின் உயரமும் ஆராய்ந்து இடந்தேர்தல் பொறியாளர் பணி. ஒருவர் குப்பையை மற்றொருவர் எத்துணைக் காலம் சுமப்பது என்பதோ அவர்தம் அளவுகோலுக்கு அடங்காத வினா.

1974-இல் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டது. 1982-இல் சுகினாமியின் தக்காயிதோவில் உலை எழுந்தது. அதன் வெப்பங்கொண்டு அருகிலுள்ள நீச்சற்குளத்து நீர் சூடாக்கப்பட்டது.