ஸ்கேன் எடுத்தபின் பயாப்சி எதற்கு?

"ஸ்கேனிலேயே எல்லாம் தெரிகிறதே, பயாப்சி எதற்கு? ஊசி குத்தினால் கட்டி பரவிவிடாதா?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். யூயிங் சார்கோமாவை வைத்துப் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் வளரும் பிள்ளைகளின் எலும்பில் வரும் அரிய, மூர்க்கமான புற்றுநோய் அது. நியூயார்க் நோயியல் மருத்துவர் ஜேம்ஸ் யூயிங் 1921-இல் அதை விவரித்தார்.

எலும்பைப் போர்த்திய உறையைக் கட்டி உள்ளிருந்து நெட்டித் தூக்கும். உறை சும்மா இருக்காது. அடியில் புது எலும்பை ஒரு படலமாகப் போடும். கட்டி அதையும் தூக்க, மேலே இன்னொரு படலம். எக்ஸ்ரேயில் தெரியும் இந்த அடுக்கை மருத்துவர்கள் வெங்காயத்தோல் என்பார்கள். குழம்புக்குச் சின்ன வெங்காயம் அரிந்த கைக்கு அது புரியும். ஆனால் எலும்புக்குள் சீழ் பிடித்தாலும் இதே அடுக்கு, இதே காய்ச்சல், இதே வீக்கம் வரலாம். அதனால்தான் சில பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக்கிலும் எண்ணெய்க் கட்டிலும் மாதங்கள் கரைந்துபோகின்றன.

ஆகவே துணுக்கெடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். நுண்ணோக்கியில் தெரிவது சிறிய, உருண்டையான, சாயத்தால் நீலமேறிய செல்கள். லிம்ஃபோமா போன்ற வேறு சில புற்றுநோய்களும் அதே முகம் காட்டும். பெரும்பாலும் சந்தேகம் தீர்ப்பது மரபணுதான்: 11, 22 ஆகிய குரோமோசோம்கள் உடைந்து துண்டு மாற்றிக்கொண்டிருக்கும். சுமார் 85 சதவீத நோயாளிகளிடம் இது உண்டு.

எனக்குப் பிடித்த விசித்திரம் இங்கேதான். எலும்பை மெல்லிசாகச் சீவ முடியாது என்பதால், கால்சியத்தைக் கரைக்க அமிலத்தில் ஊறப்போடுவார்கள். கால்சியத்தோடு டிஎன்ஏவும் சிதைந்துபோகும். செல் கண்ணுக்குத் தெரியும், மரபணுச் சோதனைதான் பலிக்காது. எலும்பைத் தாண்டிச் சதைக்குள் பிதுங்கிய மெத்தென்ற பகுதியை எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். அங்கிருந்து எடுத்தால் அமிலமே வேண்டாம். எலும்பைத்தான் எடுத்தாக வேண்டுமென்றால், அமிலத்துக்குப் பதில் கால்சியத்தை மெல்ல அகற்றும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நாள் பிடிக்கும், டிஎன்ஏ பெரும்பாலும் தப்பும்.

இதெல்லாம் நடக்க, படம் பார்ப்பவரும் கத்தி பிடிப்பவரும் நுண்ணோக்கிக்காரரும் பேசிக்கொள்ள வேண்டும். நம்மிடமோ ஆய்வகப் படிவத்தில் "கால் வீக்கம்" என்று இரண்டே சொல் இருக்கும். எக்ஸ்ரே வீட்டுப் பீரோவில் கிடக்கும். படத்தைக் காட்டாமல் எலும்புத் துணுக்குக்குப் பெயர் வைக்கச் சொல்வது அநியாயம்.

ஊசி பயத்துக்கு வருகிறேன். ஊசி போன தடத்தையும் பின்னால் கட்டியோடு சேர்த்து அகற்றும்படியே திட்டமிடுவார்கள். அதனால் எங்கே குத்துவது என்பதை, அறுவை செய்யப்போகும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பயப்பட வேண்டியது ஊசிக்கு அல்ல. பக்கத்துத் தெருவில் கீறிப் பார்த்துவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போவதற்குத்தான்.