பார்வை மங்கிய கும்பிடுபூச்சி

மழை விட்டதும் செடிகளில் கும்பிடுபூச்சி தென்படும். பிள்ளைகள் அதைப் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் அடைத்து வளர்ப்பார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

கண்ணாடிச் சுவர் பூச்சிக்குத் தெரியாது. வெளியே போக முட்டி முட்டிப் பிதுங்கிய கண்களை உரசிக் கொள்ளும். நாளடைவில் கண்ணில் கறுப்பாகத் தழும்பு விழும். எல்லாக் கறுப்பும் கோளாறு அல்ல. பார்க்கிறவர் நகர்ந்தால் கூடவே நகரும் சிறு புள்ளி இயல்பானது. இரவில் கண் முழுதும் கறுப்பதும் அப்படியே. இடம் மாறாத கறைதான் காயம்.

பார்வை போனால் பட்டினிதான். இரு கண்ணாலும் தூரத்தைக் கணக்கிட்டே அது இரையைப் பாய்ந்து பிடிக்கிறது. 2016-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் விவேக் நித்யானந்தா உள்ளிட்ட விஞ்ஞானிகள், தேன்மெழுகால் குட்டிக் கண்ணாடி ஒட்டி, அதற்கு சினிமா காட்டியே இதை உறுதி செய்தார்கள்!

முதல் வேலை, பாட்டிலை விட்டுக் கொசுவலை கட்டிய கூண்டுக்கு மாற்றுவது. பிறகு ஈயைச் சிறு இடுக்கியில் பிடித்து, லேசாக நசுக்கி, ஈரம் வாயில் படும்படி காட்ட வேண்டும். ருசி தெரிந்ததும் முன்கால்களால் வாங்கிக் கொள்ளும். தண்ணீரும் சொட்டுச் சொட்டாக வாயருகேதான். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. பூச்சி மருந்து பட்ட ஈ கூடவே கூடாது.

குஞ்சாக இருந்தால் நம்பிக்கை உண்டு. தோல் உரிக்கும்போது கண்ணின் மேல்தோலும் புதிதாகும். காயம் லேசானால் பார்வை தெளியலாம். தலைகீழாகத் தொங்கி உரிக்கும் அந்நேரம் தொடக் கூடாது. வளர்ந்து இறக்கை முளைத்ததற்கு இனி உரிப்பு இல்லை. கண் நன்றாயிருந்தால் செடியில் விட்டுவிடலாம். இதை விட முடியாது. உள்ள சில வாரமோ மாதமோ கையால்தான் ஊட்ட வேண்டும்.