சைலன்சரை மாற்றப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

பைக் வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. "சைலன்சரை மட்டும் மாத்திக்கிறேம்மா, சவுண்டே இல்ல" என்று மகன் ஆரம்பிப்பான். புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போய் வருவான். அன்று இரவு அவன் தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு மட்டுமா? தெருவுக்கே தெரிந்துவிடும்.

வடசென்னைக்கு பைக் சத்தம் புதிதல்ல. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனமும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட்தான் நாடு முழுக்க 'டப் டப்' என்று ஓடியது. அதனால்தான் இங்கே சைலன்சர் பேச்சு வந்தாலே, "புல்லட்னா சத்தம் இருக்கணும்ல" என்கிறார்கள்.

தாளம் வேறு, இரைச்சல் வேறு

பழைய புல்லட்டில் 346 சி.சி. முழுவதும் ஒரே சிலிண்டரில். பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இன்ஜின் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் 8 துடிப்பு. அந்தத் தாளத்தைத் தருவது இன்ஜின். சைலன்சர் அதன் இரைச்சலைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

கம்பெனி சைலன்சருக்குள் தடுப்புகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். வேகமாக வரும் புகை அவற்றில் முட்டி மோதி, அழுத்தம் குறைந்து வெளியேறும். வெளியில் வாங்கும் 'ஃப்ரீ ஃப்ளோ' வகைகளில் பெரும்பாலும் நேரான ஒரு துளைக்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. நாளாக நாளாக அந்தப் பஞ்சு கருகி வெளியேற, சத்தம் இன்னும் ஏறும். வாயில் செருகித் தரும் 'டிபி கில்லரை' ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம் என்பதால், பலர் முதல் வாரமே எடுத்துவிடுகிறார்கள்.

வண்டிக்கு என்ன லாபம்?

பெட்ரோல், காற்று அளவைச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் பவர் பெரிதாகக் கூடுவதில்லை. பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று வெடிக்கும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் விஷயம் இன்னும் பெரிது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் புகைக்குழாய்ப் பாதையிலேயே இருக்கின்றன. குழாயோடு கன்வர்ட்டரும் போய்விட்டால் புகைப் பரிசோதனையில் சிக்கல். வாரன்ட்டியும் கேள்விக்குறியாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

80 சி.சி. வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. தயாரிப்பு நிலையில் வண்டிகளுக்கு விதித்திருக்கும் வரம்பு இது. 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். கம்பெனி தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். ஒலி மாசுக்குத் தனியாக 190-வது பிரிவு இருக்கிறது: முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கலாம்; 3 மாதம் லைசென்ஸும் போகும்.

"இவ்வளவு லாரி ஓடுதே!"

"எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி போடாத சத்தமா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கன்டெய்னர் லாரி மெயின் ரோட்டோடு போய்விடும். பைக்தான் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் சந்துக்குள், இரவு ஒரு மணிக்கு, படுக்கை அறை ஜன்னலை உரசிக்கொண்டு வரும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் அனுமதிக்கப்பட்ட ஒலி அளவே 45 டெசிபல்தான்.

அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் யார் என்று யோசியுங்கள். விடியும் முன்பே காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்க வேண்டிய மீன்கார அம்மா, சீக்கிரமே படுத்திருப்பார். மணலி, எண்ணூர் ஆலைகளில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் பகலில் தூங்குவார். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்து, இரண்டு நாள் முன்பு வீடு வந்த குழந்தை, இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும். குழந்தை திடுக்கிட்டு அழுதால், அதன் அம்மாவுக்கு அன்று தூக்கம் போச்சு. பைக் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

மகன் பணம் கேட்டு வந்தால் திட்ட வேண்டாம். ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு, அவனையே வீட்டுக்குள் கதவருகில் நின்று கேட்கச் சொல்லுங்கள். வண்டியில் உட்கார்ந்து கேட்கும் சத்தம் வேறு, படுத்திருப்பவர் காதில் விழும் சத்தம் வேறு. ஏற்கெனவே மாற்றிவிட்டானா? கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதைத் திரும்ப மாட்ட ஒரு மெக்கானிக்குக்கு அரை மணி நேரம் போதும்.