சுவரில் இருக்கும் அண்ணன்

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் நாட்டை ஆளும் பெரியண்ணனை யாரும் நேரில் பார்ப்பதில்லை. அவர் இருப்பது சுவரொட்டியில். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான முகம், நாற்பத்தைந்து வயது மதிக்கலாம், அடர்ந்த கறுப்பு மீசை. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஏழு மாடி ஏறும் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தை ஒவ்வொரு மாடியிலும் அந்த முகம் எதிர்கொள்கிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண்கள் கூடவே வருவதுபோல் வரைந்த படம். நாவல் வெளிவந்த 1949இல் ஸ்டாலின் உயிரோடு இருந்தார். அந்த மீசை யாருடையது என்று வாசகருக்கு விளக்கத் தேவைப்படவில்லை.

படம் பயமுறுத்தும், அவ்வளவுதான். வேவு பார்ப்பது டெலிஸ்கிரீன். மங்கிய கண்ணாடி மாதிரி வீட்டுச் சுவரில் பதித்த தகடு அது. செய்தி சொல்லிக்கொண்டே வீட்டில் நடப்பதைப் பார்க்கும், கேட்கும். சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. காலை உடற்பயிற்சியில் வின்ஸ்டன் சரியாகக் குனியாதபோது, திரையில் இருக்கும் பெண் அவனுடைய எண்ணையும் பெயரையும் சொல்லி அதட்டுகிறாள். ஆனால் எந்த நேரத்தில் எந்த வீட்டைப் பார்க்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சூட்சுமம் இதில்தான். எல்லோரையும் எந்நேரமும் பார்க்க ஆள் போட்டு மாளாது. 1989இல் கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறையில் முழுநேர ஊழியர்கள் மட்டுமே சுமார் 91,000 பேர். நாட்டின் மக்கள்தொகையோ ஒன்றரைக் கோடிக்குச் சற்று அதிகம். பார்க்கிறார்களோ என்ற சந்தேகத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. முகத்தில் என்ன தெரியலாம் என்பதைக்கூட அவரவரே பார்த்துக்கொள்வார்கள்.

பெரியண்ணன் என்று ஓர் ஆள் உண்மையில் உண்டா? சிறையில் வின்ஸ்டன் இதைத்தான் கேட்கிறான். விசாரிக்கும் ஓப்ரையன் நேராகப் பதில் சொல்வதில்லை; வின்ஸ்டன்தான் இல்லாதவன் என்று கேள்வியைத் திருப்பிவிடுகிறான். பெரியண்ணன் பெயரில் ஆளும் கட்சிக்கு இது வசதி. ஆள் இருந்தால் மூப்பு வரும், சாவு வரும். படத்துக்கு எதுவும் வராது.

உறவுப் பெயரும் யோசித்து வைத்ததே. அரசன், தளபதி என்றால் அடிபணிந்தால் போதும். அண்ணன் என்றால் பாசமும் வைக்க வேண்டும். வின்ஸ்டனிடமிருந்து கட்சி கடைசியில் வாங்குவது அதைத்தான். 1999இல் நெதர்லாந்தில் இதே பெயரில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி தொடங்கியது. 2017இல் அது தமிழுக்கு வந்தபோது ‘பிக் பாஸ்’ ஆகியிருந்தது. அண்ணன் போய் முதலாளி வந்ததில், பெயரில் இருந்த விஷம் பாதி இறங்கிவிட்டது.

ஆர்வெல்லையும் பிரிட்டிஷ் போலீஸ் வேவு பார்த்தது. 1929இல் அவர் பாரிஸில் இருந்தபோது தொடங்கிய கோப்பு அது. 2007இல் பொதுப் பார்வைக்கு வந்தது. அவர் உடுத்தும் விதம்கூட அதில் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது.