ஒரு நெல்லுக்குள் இரண்டு கிடங்கு

மார்கழி மாதத்தில் நாகப்பட்டினத்துச் சம்பா வயல்களில் கதிர் பால் பிடித்திருக்கும். வரப்பில் போகிறவர் ஒரு நெல்லைக் கிள்ளி, நகத்தால் அழுத்திப் பார்க்காமல் நகர்வதில்லை. வெள்ளையாகப் பால் கசிந்தால் நிம்மதி. வெறுமையாக இருந்தால் பதராகிவிடுமோ என்ற கவலை. அந்தத் துளிப் பால் வெறும் மாவுக் கரைசல் அல்ல. வேலை மும்முரத்தில் இருந்த செல்கள் நசுங்கிக் கொட்டியது அது. தை மாதத்துச் சோற்றில் சேர வேண்டிய புரதத்தை அந்தச் செல்கள் அப்போதுதான் செய்து, கட்டி, கிடங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

அரிசியில் ஏறக்குறைய 7 சதவீதம் புரதம். அதில் பெரும்பங்கு குளுட்டலின், அடுத்தபடியாகப் புரோலமின். இரண்டும் பிறப்பது ஒரே செல்லில்தான். போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு.

பிறக்கும் இடம் ரைபோசோம். அதன் அமைப்பைத் துலக்கியதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர், கொள்ளிடத்துக்கு அக்கரையில் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோம் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. வெளியனுப்ப வேண்டிய புரதமானால், சங்கிலியின் முதல் இருபது, முப்பது கண்ணிகளே விலாசம். அது தலை நீட்டியதும் ரைபோசோம் அப்படியே எண்டோபிளாச வலைக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. புரதம் வளர வளர வலைக்குள் இறங்குகிறது. இறங்கியதும் விலாசச் சீட்டு வெட்டி எறியப்படும். இதைக் கண்டுசொன்ன குந்தர் புளோபலுக்கு 1999இல் நோபல் கிடைத்தது.

எண்டோபிளாச வலையைக் காவிரி டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது எளிது: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொண்டால் போதும். அங்கே ஈரப்பதம் பார்க்காமல் மூட்டை தைப்பதில்லை. இங்கே புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்க்காமல் வெளியே விடுவதில்லை. மடிப்பதற்கும், கந்தக அணுக்களை இணைத்து முடிச்சுப் போடுவதற்கும் தனி நொதிகள் உண்டு. தேறாத சரக்கு உடைத்து அழிக்கப்படும். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும்: கொள்முதல் நிலையத்தில் சிப்பத்தின் மேல் எழுதுகிறார்கள், செல்லில் எழுத்து சரக்கின் உடம்பிலேயே இருக்கிறது.

இங்கேதான் வழி பிரிகிறது. புரோலமின் வலையை விட்டு வெளியேறுவதே இல்லை. அங்கேயே ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டையாகத் திரண்டு, வலையின் சவ்வையே போர்த்திக்கொண்டு கிடந்துவிடுகிறது. குளுட்டலின் பயணப்படுகிறது. நுண்பைகளில் ஏறிக் கோல்கை உடலம் என்ற இடைநிலையத்துக்கும், அங்கிருந்து வாக்குவோல் என்ற சேமிப்புப் பைக்கும் போகிறது. போய்ச் சேர்ந்தபின் இரண்டாக வெட்டப்பட்டுக் குவிகிறது. (கோல்கை உடலத்தை இத்தாலியரான கமில்லோ கோல்ஜி 1898இல் முதலில் கண்டது ஆந்தையின் மூளை செல்லில்.) நெல்லில் பிரிவினை இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. இரு புரதங்களையும் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. ஓலைகளே வலையின் வேறுவேறு பகுதிகளுக்கு அனுப்பப்படுகின்றன என்று 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாதையை எப்படிக் கண்டார்கள்? ஜார்ஜ் பலாடே 1960களில் கினிப் பன்றியின் கணையத்துக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தை மூன்று நிமிடம் மட்டும் ஊட்டினார். சரக்குக்குச் சாயம் பூசி அனுப்பியது போல. முதலில் அது வலையில் தெரிந்தது. கால் மணி நேரம் கடந்ததும் கோல்கையருகே. இரண்டு மணி நேரத்தில் கடைசிப் பொட்டலங்களில். 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ராண்டி ஷெக்மன் வேறு வழியில் போனார். ஈஸ்டின் மரபணுக்களைக் கெடுத்து, சரக்கு எங்கே தேங்குகிறது என்று பார்த்தார். லாரி எந்தச் சாலையில் நிற்கிறதோ அங்கேதானே பாலம் உடைந்திருக்கும்! 2013 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு.

அதே தந்திரத்தை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நெல்லிடம் காட்டினார்கள். மடிப்பு நொதி ஒன்று இல்லாத நெல்லில், குளுட்டலின் முடிச்சு சரியாக விழாமல் வலைக்குள்ளேயே புரோலமினோடு சிக்கிக் கிடந்தது. ராப்5 என்ற வழிகாட்டிப் புரதம் கெட்ட நெல்லிலோ குளுட்டலின் கோல்கையைத் தாண்டியும் வாக்குவோலைத் தவறவிட்டு, செல்சுவர் ஓரத்தில் கொட்டப்பட்டது. அந்த அரிசி கண்ணாடி போல் தெளியாமல் மாவாக வெளுத்துப் போனது.

விதைநெல்லை ஊறவைக்கும்போது இன்னொரு போக்குவரத்து தொடங்குகிறது. முளைக்கரு ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனை அனுப்ப, மாவைச் சூழ்ந்த அலுரோன் அடுக்கின் செல்கள் அமைலேசு நொதியைச் செய்து, அதே வலை, அதே கோல்கை வழியாகச் செல்லுக்கு வெளியே தள்ளுகின்றன. அது மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும். சாக்குக்குள் முளைகட்டும்போது இது வரம். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில், டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரிலேயே முளைத்தபோது, இதுவே வயிற்றெரிச்சலானது.

தட்டில் விழும் சோற்றுக்கும் இந்த இரண்டு கிடங்குக் கணக்கு உண்டு. குளுட்டலின் எளிதில் செரிக்கும். வலைக்குள் உருண்டையாக இறுகிய புரோலமினை நம் குடல் சரியாகத் தொட முடிவதில்லை. பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடுகிறது. ஜப்பானியர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். குளுட்டலின் குறைந்து புரோலமின் கூடிய எல்.ஜி.சி.1 என்ற நெல் ரகத்தை உருவாக்கினார்கள். மொத்தப் புரதம் அதிகம் மாறவில்லை, செரிக்கும் புரதம் குறைந்தது. புரதத்தை அளந்து உண்ண வேண்டிய சிறுநீரக நோயாளிகள் அதைச் சோறாகவே சாப்பிடலாம். முளைவிடும் நாற்றுக்கு மட்டும் இந்தப் பூட்டு பொருட்டில்லை. குளுட்டலினைத் தின்றபின், மெதுவாகவேனும், புரோலமின் உருண்டையையும் அது கரைத்துத் தின்கிறது.