பிளாஸ்கில் பாலா, வெந்நீரா?

சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் இரவு ரயில். நள்ளிரவு கடந்துவிட்டது. கைக்குழந்தை ஒன்று பசியால் வீறிட்டு அழுகிறது. தாய் எழுந்து கூடையிலிருந்து பிளாஸ்கை எடுக்கிறாள். மாலையில் வீட்டிலேயே பவுடரைக் கரைத்து ஊற்றி வந்த பால் அதில் இருக்கிறது. புட்டியில் ஊற்றிக் கையில் ஒரு துளி விட்டுப் பார்க்கிறாள். இதமான சூடு! “நல்ல வேளை, ஆறிப்போகவில்லை” என்று மகிழ்கிறாள்.

இக்காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆனால், அவளுக்கு மகிழ்ச்சி தந்த அந்த இதமான சூடுதான் குழந்தைக்கு ஆபத்து என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதே பிளாஸ்கை வேறு விதமாகப் பயன்படுத்தியிருந்தால் அதுவே குழந்தைக்குக் காவலாக அமைந்திருக்கும். அது எப்படி என்று காண்போம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். பயணத்திலும் அதற்கு ஈடு இல்லை. காய்ச்ச வேண்டாம், அளக்க வேண்டாம், ஆற்றவும் வேண்டாம். பால் பவுடர் டின்களில் தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டுமென நம் நாட்டில் 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும், மருத்துவரின் அறிவுரைப்படி பவுடர்ப் பால் கொடுக்க வேண்டிய நிலையில் சில தாய்மார்கள் இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்காக.

டின்னுக்குள் உறங்கும் கிருமி

மூடி முத்திரையிட்ட டின்னில் வரும் பவுடரில் கிருமியே இராது என்றுதான் நாம் எண்ணுகிறோம். இது சரியன்று. எவ்வளவு தூய்மையாகத் தயாரித்தாலும் பால் பவுடரை முற்றிலும் கிருமியற்றதாக ஆக்க இயலுவதில்லை. மிக அரிதாக, ‘குரோனோபாக்டர்’ அல்லது ‘சால்மொனெல்லா’ என்னும் பாக்டீரியாக்கள் அதில் இருக்கக்கூடும். திறந்த டின்னில் கையிலிருந்தும் கரண்டியிலிருந்தும் வேறு கிருமிகளும் சேரலாம்.

கிரேக்கப் புராணத்தில் குரோனஸ் என்றொருவன் வருகிறான். தான் பெற்ற குழந்தைகளையே விழுங்கியவன் அவன். அவன் பெயரைத்தான் இந்தப் பாக்டீரியாவிற்குச் சூட்டியிருக்கிறார்கள். பெயருக்கேற்ப, இது பெரியவர்களைவிடப் பச்சிளங் குழந்தைகளையே கடுமையாகத் தாக்குகிறது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இரத்தத்தில் நச்சேற்றத்தையோ மூளை உறை அழற்சியையோ உண்டாக்கி, உயிருக்கே உலை வைத்துவிடும்.

உலர்ந்த பவுடரில் இக்கிருமி பெருகுவதில்லை. வெறுமனே உறங்கிக் கிடக்கிறது. நீர், உணவு, இதமான சூடு ஆகிய மூன்றும் கிடைத்தால் விழித்துக்கொள்கிறது. வெதுவெதுப்பான பாலில் இம்மூன்றும் இருக்கின்றன.

ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக…

நம் உடலின் சூடான 37° செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் இத்தகைய பாக்டீரியாக்கள் சுமார் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிக்கக்கூடும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். மூன்று மணி நேரத்தில் 512 ஆகும். ஆறு மணி நேரம் கழித்து? பதினெட்டு முறை இரட்டித்து 2,62,144! கணக்குக்காகச் சொன்ன உச்ச நிலை இது. எனினும், பெருக்கத்தின் வேகம் எத்தகையது என்பது இதிலிருந்து விளங்கும்.

வெப்பநிலை 5° செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இப்பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மேலே ஏறினால் கிருமிகள் மடியத் தொடங்குகின்றன. 60° வெப்பநிலையில் அவற்றில் பெரும்பகுதி மடியச் சில நிமிடங்களாகும். 70° வெப்பநிலையிலோ சில விநாடிகளே போதும். எனவேதான் உலக நலவாழ்வு நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் 2007இல் வெளியிட்ட வழிகாட்டியில், பவுடரைக் கரைக்கும் நீர் 70° செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டுமென்று கூறின. சில டின்களில் ‘வெதுவெதுப்பான நீரில் கரைக்கவும்’ என்று அச்சிட்டிருக்கலாம். சில சிறப்பு வகைப் பவுடர்களுக்குச் சுடுநீர் ஆகாது என்பதும் உண்டு. ஐயமிருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, சுடச்சுட இருந்தால் பாதுகாப்பு. சில்லென்று இருந்தாலும் பாதுகாப்பு. இடைப்பட்ட இதமான சூடுதான் ஆபத்து. ரயிலில் நாம் பார்த்த பால் மணிக்கணக்காக அந்த இடைநிலையில் இருந்த பால்.

பிளாஸ்கின் வேலை

1892இல் ஜேம்ஸ் டூவர் என்னும் அறிவியலறிஞர் மிகக் குளிர்ந்த திரவங்களைச் சேமித்து வைப்பதற்காக இரட்டைச் சுவர்க் குடுவை ஒன்றை அமைத்தார். இரு சுவர்களுக்கும் இடையே வெற்றிடம் இருப்பதால் வெப்பக் கடத்தலும் வெப்பச் சலனமும் மிகவும் குறைந்துவிடுகின்றன. சுவரின் வெள்ளிப் பூச்சு வெப்பக் கதிர்வீசலைத் தடுக்கிறது. உள்ளே குளிர்ந்ததை ஊற்றினால் குளிர்ச்சியையும், சூடானதை ஊற்றினால் சூட்டையும் அது காக்கிறது. இதமான சூட்டில் பாலை ஊற்றினால்? கிருமிகளுக்கேற்ற சூட்டையும் அது அவ்வாறே காத்துத் தருகிறது!

எனவே பிளாஸ்கில் எடுத்துச் செல்ல வேண்டியது பால் அன்று, கொதித்த நீர். பவுடரை வேளைக்கு வேளை அளந்து, வெந்நீரில் கொதிக்க வைத்து நன்கு உலர்த்திய சிறு டப்பாக்களில் தனித்தனியே கொண்டு செல்லுங்கள். பாலைக் குழந்தைக்குப் பசிக்கும்போது கலக்குங்கள்.

பிளாஸ்க் சூட்டைக் காப்பதும் நாம் பயன்படுத்தும் முறையைப் பொறுத்தது. முதலில் சிறிது கொதிநீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, பிறகு நிறைய நிரப்புங்கள். பாதி நிரப்பிய பிளாஸ்கில் நீரின் நிறை குறைவு. ஆனால் மூடி வழியே வெளியேறும் வெப்பம் அதே அளவு. ஆகவே அது விரைவில் ஆறிவிடும்.

ஒரு சிறு கணக்கு

பிளாஸ்கில் நீர் 75° செல்சியஸில் இருக்கிறது. 70°க்கு மேல்தானே, போதும் என்று எண்ணிவிடலாம். ஆனால் புட்டியை மறந்துவிட்டோம்! 150 கிராம் எடையுள்ள கண்ணாடிப் புட்டி 30° வெப்பநிலையில் இருப்பதாகக் கொள்வோம். கண்ணாடியின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.2. ஆகவே, வெப்பத்தை ஏற்பதில் அது 30 கிராம் நீருக்குச் சமம். அதில் 90 கிராம் நீரை ஊற்றினால்,

(90 × 75 + 30 × 30) ÷ 120 = சுமார் 64°

அதாவது பவுடர் போடும் முன்பே நீர் 70°க்குக் கீழே இறங்கிவிட்டது. என்ன செய்யலாம்? புட்டியைச் சிறிது வெந்நீரால் அலசிக் கொட்டிவிடுங்கள். அதனால் புட்டி 60° அளவுக்குச் சூடேறியிருந்தால்,

(90 × 75 + 30 × 60) ÷ 120 = சுமார் 71°

ஒரு வாய் வெந்நீரில் காரியம் முடிந்தது!

இனிப் பாலை ஆற்ற வேண்டும். ஊதியோ, பச்சைத் தண்ணீர் கலந்தோ ஆற்றக் கூடாது. ஒரு செம்பில் அரை லிட்டர் நீர் எடுத்து, மூடிய புட்டியைக் கழுத்துவரை அதில் நிறுத்துங்கள். முன்போலவே கணக்கிட்டால், 70° சூடுள்ள பாலும் புட்டியும் 30° நீரில் சுமார் 38° வரை இறங்கும் என்று காணலாம். இடையில் ஒரு முறை நீரை மாற்றினால் விரைவாக ஆறும். பின் புட்டியைத் துடைத்து, நன்றாகக் குலுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது, வாய் வெந்துவிடும்.

நினைவில் கொள்க

1. நீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தே பிளாஸ்கில் ஊற்றவும். புட்டியில் அடைத்து விற்கும் குடிநீரையும் கொதிக்க வைக்க வேண்டும். உதகமண்டலம் போன்ற உயர்ந்த ஊர்களில் நீர் 92° அளவிலேயே கொதிக்கும், அதுவும் போதுமானதே.

2. முதலில் நீரை அளந்து ஊற்றி, பிறகு டின்னில் குறித்த அளவு பவுடரைச் சேர்க்கவும். நீர்க்கக் கலந்தால் குழந்தைக்கு ஊட்டம் குறையும்.

3. கலந்த பாலை இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிடவும். விலையை எண்ணி அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

4. வீட்டிலேயே கலந்துதான் ஆகவேண்டுமெனில், குளிர்பெட்டியில் 5°க்கு மேற்படாமல் நன்கு குளிர்வித்து, பனிக்கட்டி வைத்த பையில் எடுத்துச் சென்று, இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்தவும்.

5. புட்டியையும் ரப்பர்க் காம்பையும் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைப்பது பயணத்தில் கடினம். நம் பாட்டிமார் பயன்படுத்திய சங்கும் பாலாடையும் மூலை முடுக்கு இல்லாதவை, கழுவ எளியவை. பழகிய கைகளுக்கு இவை நல்ல துணை.

செய்து பாருங்கள்

மாணவர்களே! உங்கள் வீட்டுப் பிளாஸ்கில் கொதிநீரை நிறைய ஊற்றி மூடுங்கள். மணிக்கொரு முறை ஆய்வகத் தெர்மாமீட்டரால் வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். அடுத்த நாள் பாதியளவு ஊற்றிச் செய்து பாருங்கள். நீர் 70°க்குக் கீழே எப்போது இறங்குகிறதோ, அதுவே அந்தப் பிளாஸ்கை நம்பக்கூடிய நேரத்தின் எல்லை. அதை ஒரு சீட்டில் எழுதிப் பிளாஸ்கின் மேல் ஒட்டிவிடுங்கள். கைக்குழந்தையுடன் உங்கள் அக்காவோ அண்ணியோ ஊருக்குப் புறப்படும்போது, நீங்கள் கற்ற வெப்பவியல் அந்தக் குழந்தைக்குப் பயன்படும்.